கிரிவலம் நடந்த அப்பாவும் செஸ்லர் பார்க் சுற்றும்

கேள்வி, செப்டம்பர் 2, 2024

அக்டோபர் நடுவில் யூட்டா மாநிலத்துக் கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். நான், மனைவி, பன்னிரண்டு வயது மகன், சேலத்திலிருந்து வந்திருக்கும் அப்பா. அப்பாவுக்கு 64 வயது. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் ஐந்தாறு கிலோமீட்டர் நடக்கிறார். இறக்கத்தில் மட்டும் வலது முழங்கால் கொஞ்சம் வலிக்கும். நீடில்ஸ் பகுதியில் செஸ்லர் பார்க் என்ற புல்வெளியையும் ஜாயின்ட் ட்ரெயில் என்ற குறுகிய பாறைப் பிளவுப் பாதையையும் சேர்த்து ஒரு சுற்று, 10.7 மைல், ஏறத்தாழ 17 கிலோமீட்டர், நடுத்தரக் கடினம் என்கிறார்கள். அப்பா திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் எத்தனையோ முறை சுற்றியிருக்கிறார். இது மூன்று கிலோமீட்டர்தான் கூடுதல். நடந்துவிடுவார் என்பது என் கணக்கு. சரிதானே?

செப்டம்பர் 2, இரவு 10.40

சரியில்லை.

கிரிவலப் பாதை தார்ச்சாலை. ஏறக்குறைய சமதளம். நூறடிக்கு ஒரு டீக்கடை, தண்ணீர்ப் பந்தல், உட்காரத் திண்ணை. கால் வலித்தால் எந்த லிங்கத்தருகிலும் ஆட்டோவைக் கைகாட்டி ஏறிக்கொள்ளலாம். செஸ்லர் பார்க் சுற்றில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. குடிநீர் இல்லை, தொலைபேசி சிக்னல் இல்லை, பாதிப் பாதைக்கு நிழலும் இல்லை. நடுவில் நின்றுவிட்டால் உங்களைத் தூக்கிவர மனிதர்கள்தான் நடந்து வரவேண்டும்.

இரண்டு முறை போயிருக்கிறேன். 2019 மே கடைசியில் முட்டாள்தனமாக, 2022 அக்டோபரில் ஓரளவு புத்தியோடு. இரண்டாவது முறை ஆறரை மணி நேரம் ஆனது. உங்கள் குழுவுக்கு ஏழு, ஏழரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போகவே கூடாது என்று சொல்லவில்லை. 17-இலிருந்து 14-ஐக் கழிக்கும் அந்தக் கணக்கைத்தான் கிழித்துப் போடச் சொல்கிறேன்.

செப்டம்பர் 3, காலை

நேற்று விட்டுப்போனவை. மோவாப் ஊரிலிருந்து தெற்கே 191-ஆம் நெடுஞ்சாலையில் 64 கிலோமீட்டர், பிறகு மேற்கே 211-இல் திரும்பி இன்னும் 56 கிலோமீட்டர். ஒன்றரை மணி நேர ஓட்டம். மோவாபிலேயே பெட்ரோலை நிரப்பிக்கொள்ளுங்கள். நுழைவுக் கட்டணம் காருக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும். பகல் நடைக்குத் தனி அனுமதிச்சீட்டு வேண்டாம். பக்கத்து ஆர்ச்சஸ் பூங்காவுக்கு இந்த 2024-ஆம் ஆண்டில் அக்டோபர் இறுதிவரை நேரம் குறித்து முன்பதிவு செய்தாக வேண்டும். நீடில்ஸில் அந்தத் தொல்லை இல்லை.

முகாம் மைதானம் வரை தார்ச்சாலை. அங்கிருந்து எலிஃபென்ட் ஹில் என்ற நடைத் தொடக்கம் வரை மூன்று மைல் மண்சாலை. காய்ந்திருந்தால் சாதாரணக் காரே போகும். அங்கே கார் நிறுத்துமிடம் முடிந்ததும் பாறைமேல் ஏறிப்போகும் ஜீப் தடத்தைப் பார்த்துப் "பாதை தொடர்கிறதே" என்று வண்டியை விட்டுவிடாதீர்கள். யூட்டாவிலேயே மோசமான ஜீப் தடங்களில் அது ஒன்று. 2019-இல் வாடகைக் கார் ஒன்று அதன் முதல் மேட்டிலேயே அடிவயிறு இடித்து நின்றதைப் பார்த்தேன். என்னுடையது அல்ல என்று பெருமையாக எழுதத்தான் ஆசை. எனக்கு அந்த மண்சாலையிலேயே டயர் கிழிந்தது.

செப்டம்பர் 3, பிற்பகல்

எந்தத் திசையில் சுற்றுவது என்று கேட்டிருந்தீர்கள். இடஞ்சுழியாகப் போங்கள். முதலில் கணவாய் ஏறிப் புல்வெளியைப் பார்த்துவிட்டுத் தெற்கே இறங்கி ஜாயின்ட் ட்ரெயில், பிறகு ஜீப் சாலை, பிறகு வடக்கே சுற்றித் திரும்புதல்.

செப்டம்பர் 3, அரை மணி கழித்து

மேலே எழுதியதை நானே வரைபடத்தில் விரலால் ஓட்டிப் பார்த்தேன். வடகிழக்கில் நுழைந்து, தெற்கே போய், மேற்கே திரும்பி, வடக்கே வருவது வலஞ்சுழி. பிரகாரம் சுற்றுகிற திசை. வழியைச் சரியாகச் சொல்லிவிட்டுப் பெயரைத் தப்பாக எழுதிவிட்டேன். வலஞ்சுழி. அப்பாவிடம் "பிரதட்சிணம்" என்று சொல்லிவிடுங்கள், குழப்பமே வராது.

செப்டம்பர் 5

தண்ணீர்.

2019-இல் ஆளுக்கு மூன்று லிட்டர் எடுத்துப்போனோம், நானும் ஒரு நண்பரும். மே மாதக் கடைசி, நிழலிலேயே முப்பத்தைந்து டிகிரி இருக்கும். ஜாயின்ட் ட்ரெயிலுக்குள் இருக்கும்வரை ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பிளவுக்குள் காற்று குளிர்ந்திருக்கும், தாகம் எடுக்காது. வெளியே வந்து ஜீப் சாலையில் கால் வைத்தோம். செம்மணல், கணுக்கால்வரை புதைகிறது. பையிலிருந்த நீர்க்குழாயை உறிஞ்சினேன். கடைசி மடக்கில், குவளையின் அடியை உறிஞ்சுவதுபோல் கர்ர் என்று சத்தம். நண்பரைப் பார்த்தேன். அவர் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். பேச்சு நின்றுபோயிற்று. இன்னும் ஏழு கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. எதிரே வந்த ஜீப்பில் இருந்த வயதான தம்பதி நாங்கள் கேட்காமலேயே வண்டியை நிறுத்தி இரண்டு பாட்டில் கொடுத்தார்கள். எங்கள் முகம் கேட்டிருக்கும்.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது ஏறக்குறைய நாலு லிட்டர் என்பதுதான் பூங்காக்காரர்கள் சொல்லும் அளவு. அக்டோபரிலும் குறைக்காதீர்கள். நாலு பேருக்கு 16 லிட்டர் என்றால் 16 கிலோ. பையன் இரண்டரைக்கு மேல் சுமக்கமாட்டான்; அப்பாவிடம் மூன்றுக்கு மேல் கொடுக்கக் கூடாது; மிச்சம் உங்கள் இருவர் முதுகில். நீடில்ஸ் வரவேற்பு மையத்தில் குழாய்த் தண்ணீர் ஆண்டு முழுவதும் கிடைக்கும்.

வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போனாலும் தலை சுற்றும், குமட்டும். உப்பு வேண்டும். எலுமிச்சை, உப்பு, சர்க்கரை கலந்து ஒரு பாட்டில் தனியாக வையுங்கள்.

செப்டம்பர் 6

தயிர்சாதம் கொண்டுபோகலாமா என்று இங்கே மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பிற்பகலில் அதைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள். புளியோதரை கட்டுங்கள். எண்ணெய் தாராளமாக, உப்பு ஒரு கை கூட, வறுத்த நிலக்கடலை. ஒரு வேளைச் சோற்றுக்கும் அரை நாள் உப்புக்கும் சேர்த்துக் கணக்கு தீர்ந்துவிடும். நாலு பேருக்கு முக்கால் கிலோ அரிசி.

சாப்பிடும்போது பையை மூடி வையுங்கள். அங்குள்ள அண்டங்காக்கைகள் ஜிப்பை அலகால் இழுத்துத் திறக்கத் தெரிந்தவை. 2022-இல் ஒன்று என் பையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தை உருவிக்கொண்டு போய், எனக்குத் தெரியும்படியாகவே எதிர்ப்பாறையில் உட்கார்ந்து பிரித்தது. அமாவாசைக்குச் சோறு வைத்துக் கூப்பிட்டாலும் இவ்வளவு சுறுசுறுப்பாக வருவதில்லை.

செப்டம்பர் 8

ஒருவர் கேலி செய்கிறார்: "மூட்டுவலிக்காரரை மூட்டுப்பாதைக்கா அனுப்புகிறீர்கள்?" ஜாயின்ட் என்றால் இங்கே மூட்டு அல்ல, பாறையில் நேர்க்கோடாக விழும் பிளவு. நிலவியலில் வழங்கும் சொல்.

அந்தப் பிளவு எப்படி வந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த சங்கதி, ஆகவே கொஞ்சம் நீட்டுகிறேன். மேலே தெரிகிற பாறை சீடர் மேசா மணற்கல், 25 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. வெள்ளையும் சிவப்புமாக, கோயில் மதிற்சுவரில் சுண்ணாம்பும் காவியும் மாறிமாறி அடித்ததுபோல் பட்டை பட்டையாக இருக்கும். வெள்ளை, கடலோர மணல்மேடுகள் இறுகியது. சிவப்பு, கிழக்கே இருந்த மலைகளிலிருந்து ஆறுகள் அரித்துக்கொண்டு வந்த வண்டல். இரண்டும் ஒரே இடத்துக்காக லட்சக்கணக்கான ஆண்டுகள் மல்லுக்கட்டியிருக்கின்றன. அதன் பதிவுதான் அந்தப் பட்டைகள்.

இதற்கெல்லாம் வெகு ஆழத்தில் கனத்த உப்புப் படுகை ஒன்று கிடக்கிறது. பழங்காலக் கடல் வற்றியது. உப்பு அழுத்தத்தில் கெட்டியாக நிற்காது, மாவுபோல் மெல்ல நகரும். மேற்கே கொலராடோ ஆறு பள்ளத்தாக்கை அறுத்துத் திறந்துவிட்டதால் உப்பு அந்தப் பக்கமாக நழுவுகிறது. மேலிருக்கும் கெட்டிப் பாறை நகரத் தெரியாமல் விரிசல் விடுகிறது. ஆற்றோரமாக அந்த விரிசல்கள் அகலப் பள்ளங்களாக இறங்கிவிட்டன. செஸ்லர் பார்க் பக்கம் மழையும் பனியும் விரிசல்களைக் குடைந்து ஊசி ஊசியாக நிறுத்தியிருக்கின்றன. நீடில்ஸ் என்ற பெயர் அதனால்தான். நாம் நடக்கும் ஜாயின்ட் ட்ரெயில், அடைபடாமல் விட்டுப்போன சந்து.

உள்ளே நுழைந்தால் இரண்டு தோளும் ஒரே நேரத்தில் சுவரில் உரசும் இடங்கள் உண்டு. தலைக்குமேல் வானம் ஒரு நாடா. முதுகுப்பை சுவரில் தேயும் சத்தம் காதுக்குள்ளேயே கேட்கும். நான் பாட்டில்களைப் பையின் பக்கவாட்டில் செருகியிருந்ததால் ஓரிடத்தில் ஆப்பு அடித்ததுபோல் நின்றுவிட்டேன். பையைக் கழற்றித் தலைக்குமேல் தூக்கிக்கொண்டுதான் நகர முடிந்தது. பக்கவாட்டில் எதையும் தொங்கவிடாதீர்கள்.

செப்டம்பர் 11

பாதை தொலைவது பற்றி. பாதி தூரம் வெறும் பாறை, மண் தடமே இருக்காது. வழிகாட்டுவது கல்லடுக்குகள் மட்டும். ஏழு கல் விளையாட்டில் அடுக்குவோமே, அதே உயரம். ஒன்றில் நின்று அடுத்ததைக் கண்ணால் பிடித்த பிறகே காலை எடுக்க வேண்டும். இந்த வேலையைப் பையனிடம் கொடுங்கள். பன்னிரண்டு வயதுக் கண் நம் கண்ணைவிடக் கூர்மை, அவனுக்கும் பொழுது போகும்.

எலிஃபென்ட் கேன்யன் வறண்ட ஓடையைக் கடக்கும் இடத்தில் நாங்கள் தவறினோம். ஓடை மணலில் நிறையக் காலடிகள். இத்தனை பேர் போயிருக்கிறார்களே என்று அவற்றைப் பின்தொடர்ந்து இருபது நிமிடம் போனோம். காலடிகள் ஓரிடத்தில் நின்றன. அங்கிருந்தே திரும்பியும் வந்திருந்தன. எங்களுக்கு முன்னால் தவறியவர்களின் காலடிகள். எங்களுடையதையும் சேர்த்துவிட்டு வந்தோம்.

ஓடையிலிருந்து கரையேறும்போது குறுக்கே மண்ணில் மிதிக்காதீர்கள். கருகிய சோற்றுப் பருக்கைபோல் கறுத்து மேடு மேடாக இருப்பது வெறும் மண் அல்ல, உயிருள்ள மேலோடு. சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர் பிசுபிசுப்பான இழைகளால் மணலைப் பிணைத்துப் பிடித்திருக்கிறது. ஒரு மிதி பட்டால் ஆறுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். பாறைமேல் நடக்கலாம், ஓடை மணலில் நடக்கலாம், கறுப்பில் மட்டும் கூடாது.

பாறைக்கு ஸ்லிக்ராக் என்று பெயர் இருப்பதால் வழுக்கும் என்று ஒருவர் பயப்படுகிறார். முற்காலக் குடியேறிகளின் லாடம் அடித்த குதிரைகளுக்கு வழுக்கியதால் வந்த பெயர். காய்ந்திருக்கும்போது ரப்பர் அடிச் செருப்புக்கு உப்புத்தாள்போல் பிடிக்கும். நனைந்தால் கதை வேறு.

செப்டம்பர் 15

மழை. மேகவெடிப்பு ஆபத்து பெரும்பாலும் ஜூலை முதல் செப்டம்பர் வரை. அக்டோபரில் குறைவு, இல்லை என்று சொல்லமாட்டேன். முதல்நாள் வரவேற்பு மையத்தில் வானிலை கேளுங்கள். இடியோசை கேட்டால் திறந்த பாறைமேல் நிற்காதீர்கள், ஓடையிலும் இறங்காதீர்கள்.

குளிரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பாலைவனம் என்றதும் எல்லோரும் தொப்பியோடு நிறுத்திக்கொள்கிறீர்கள். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம் அது. அக்டோபரில் பகலில் 20, 25 டிகிரி, விடியலில் ஐந்தாறு. சேலத்துக்காரருக்கு மங்கிக் குல்லாயும் வேண்டும்.

செப்டம்பர் 21

திரும்பும் நேரம். இதை எழுதாமல் மற்றதெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன். பகல் பன்னிரண்டரைக்குள், ஏறக்குறைய பாதிவழியில் இருக்கும் ஜாயின்ட் ட்ரெயிலின் வாய்க்கு வந்து சேரவில்லை என்றால் அப்படியே திரும்பிவிடுங்கள்.

செப்டம்பர் 22

மதுரைக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஜாயின்ட் ட்ரெயில் ஏறக்குறைய பாதிவழி என்றீர்கள். பாதிவழியில் திரும்பினால் வந்த தூரம், திரும்பாமல் போனாலும் அதே தூரம். பிறகு எதற்குத் திரும்ப வேண்டும்?"

பதில் இல்லை. அவர் சொல்வது சரி. ஐந்து ஆண்டாக எல்லோருக்கும் இந்த அறிவுரையைக் கொடுத்துவந்திருக்கிறேன், ஒருவரும் கேட்கவில்லை.

போய் அதே வழியில் வரும் நடையில் எங்கே திரும்பினாலும் லாபம் உண்டு. சுற்றில் அப்படியில்லை. பாதியை நெருங்க நெருங்கத் திரும்புவதன் லாபம் கரைந்து, பாதியில் பூஜ்யமாகிவிடுகிறது. ஆகவே முடிவெடுக்கும் இடம் நடுவில் இருக்க முடியாது, வெகு முன்னால் இருக்க வேண்டும். இந்தச் சுற்றில் அது செஸ்லர் பார்க் கணவாய் மேடு. தொடக்கத்திலிருந்து 2.9 மைல், ஏறத்தாழ நாலே முக்கால் கிலோமீட்டர். அங்கிருந்து திரும்பினால் மொத்தம் ஒன்பதரை கிலோமீட்டரில் வீடு. தாண்டிவிட்டால் பதினேழு. கணவாயில் நின்றால் ஊசிப்பாறைகள் சூழ்ந்த புல்வெளி முழுதும் கண்முன்னே விரியும், ஆகவே திரும்பினாலும் வெறுங்கையோடு வந்ததாக ஆகாது. வலஞ்சுழியாகப் போகச் சொன்னதற்கு இப்போதுதான் உருப்படியான காரணம் கிடைத்திருக்கிறது.

எட்டு மணிக்குத் தொடங்குங்கள். பத்தரைக்குள் கணவாய். பத்தரை தாண்டினால் சுற்று கிடையாது. முழங்கால் முணுமுணுத்தாலும் கிடையாது, மணி எதுவானாலும்.

செப்டம்பர் 22, இரவு

இன்னொரு திருத்தம், இது கொஞ்சம் வெட்கக்கேடு. 2022-இல் ஆறரை மணி நேரம் ஆனது என்று முதல் நாளே எழுதினேன். மேலேயுள்ள கணக்குக்காகப் பழைய படங்களைத் திறந்து நேரம் பார்த்தேன். எலிஃபென்ட் ஹில் பலகையருகே எடுத்த படம் காலை 8.52. திரும்பி வந்து காரின் பின்கதவில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றும் படம் மாலை 5.05. எட்டு மணி பதின்மூன்று நிமிடம். ஒன்றே முக்கால் மணி நேரத்தை என் ஞாபகம் விழுங்கிவிட்டது. பொய் சொல்லவில்லை, ஆறரை என்றே நம்பிக்கொண்டிருந்தேன். இணையத்தில் "ஐந்து மணி நேரத்தில் முடித்தேன்" என்று எழுதுபவர்களின் படங்களையும் யாராவது பார்க்க வேண்டும்.

உங்கள் நால்வருக்கு ஒன்பது மணி நேரம். அக்டோபர் நடுவில் ஏழரைக்குத்தான் சூரியன் எட்டிப்பார்க்கும், மாலை ஆறே முக்காலுக்கு முன்பே மறைந்துவிடும். எட்டுக்குத் தொடங்கினால் ஐந்து. கையில் மிச்சம் ஒன்றரை மணி நேரம்தான். ஆளுக்கொரு தலைவிளக்கு, மாற்று பேட்டரியோடு. செல்பேசி விளக்கு கணக்கில் சேராது.

செப்டம்பர் 28

எங்கே தங்குவது. பூங்கா முகாமில் 26 இடங்கள்தான். யூட்டா பள்ளிகளுக்கு அக்டோபர் நடுவில் விடுமுறை வரும், மோவாப் முழுக்கக் குடும்பங்கள். நீங்கள் கூடாரம் அடிப்பவர்களாகவும் தெரியவில்லை. மான்டிசெலோவில் தங்குங்கள், மோவாபைவிட நீடில்ஸுக்கு அருகே, ஏறத்தாழ 80 கிலோமீட்டர். வழியில் நியூஸ்பேப்பர் ராக் என்ற பாறைச் செதுக்கல்கள் சாலையோரத்திலேயே இருக்கின்றன. போகும்போது நிறுத்தாதீர்கள். வரும்போது பாருங்கள்.

"அப்பாவும் மனைவியும் கணவாயிலிருந்து திரும்பட்டும், நானும் பையனும் சுற்றை முடிக்கிறோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். இருவர் இருவராகப் பிரிவது தவறில்லை. ஆனால் கார் சாவி யாரிடம் இருக்கும்? திரும்பியவர்களிடம் கொடுத்தால் அவர்கள் காரில் உட்கார்ந்திருப்பார்கள், நல்லது. கொடுக்க மறந்தால் நாலு மணி நேரம் வெயிலில் கழிப்பறைச் சுவர் நிழலில் நிற்பார்கள். தண்ணீரைப் பிரிப்பது, விளக்கைப் பிரிப்பது, வரைபடத்தைப் பிரிப்பது எல்லாம் வீட்டிலேயே முடிவாக வேண்டும். ஓடை கடக்கும் இடத்தில் அந்த இருவரில் யாருக்குக் கல்லடுக்கு தெரியும்?

சொல்லச் சொல்ல எனக்கே பிடிக்கவில்லை. பிரியாதீர்கள்.

அக்டோபர் 3

எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள், திரும்பாவிட்டால் யாரை அழைப்பது என்று ஊரில் இருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். இந்தப் பூங்காவுக்கு மேற்கே ப்ளூஜான் பள்ளத்தாக்கில் 2003-இல் ஒருவர் யாரிடமும் சொல்லாமல் தனியாகப் போனார். நழுவிய பாறையில் கை சிக்கியது. ஐந்து நாள் கழித்துத் தன் கையைத் தானே அறுத்துக்கொண்டு வெளியே வந்தார். தேட வேண்டிய இடம் எது என்றே வெளியே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

கழிப்பறை தொடக்க இடத்தில் இருக்கிறது. வழியில் பயன்படுத்தும் காகிதத்தைப் புதைக்கக் கூடாது; பையில் போட்டுத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று என்னைக் கேட்காதீர்கள்.

அக்டோபர் 9

மாற்றுத் திட்டம் கேட்ட இருவருக்கும். முகாமிலிருந்தே 12 கிலோமீட்டரில் பிக் ஸ்ப்ரிங் பள்ளத்தாக்கு வழியாக ஒரு சுற்று உண்டு. தூரம் குறைவு, ஆனால் இரண்டு பள்ளத்தாக்குகளுக்கு நடுவே பாறைச்சரிவில் ஏறியிறங்க வேண்டும். உயரத்துக்குப் பயப்படுபவர்களுக்கும் முழங்கால்காரர்களுக்கும் வேண்டாம். அந்தச் சுற்றின் மறுபாதிப் பள்ளத்தாக்குக்குப் பழைய வரைபடங்களில் பூர்வகுடிப் பெண்களை இழிவாகச் சொல்லும் சொல் பெயராக இருந்தது. கூட்டரசின் நிலப்பெயர்களிலிருந்து அச்சொல்லை 2022-இல் நீக்கிவிட்டார்கள். ஆகவே பழைய வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு புதுப் பலகையின் முன் குழம்பி நிற்காதீர்கள்.

சின்ன நடை போதும் என்றால் கேவ் ஸ்ப்ரிங். ஒரு கிலோமீட்டர் சுற்று. பாறைக்கு அடியில் மாடு மேய்ப்பவர்கள் விட்டுப்போன பழைய முகாம், ஊற்று, பாறை ஓவியங்கள், இரண்டு மர ஏணிகள்.

அக்டோபர் 22

போய் வந்துவிட்டார்கள். கேள்வி கேட்டவர் நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார், சுருக்கிப் போடுகிறேன்.

எட்டு மணி என்று திட்டம், எட்டு நாற்பதுக்குத்தான் கிளம்பியிருக்கிறார்கள் (விடுதியில் காபி சரியில்லை என்று வேறு காபி தேடியதில் போன நாற்பது நிமிடம்). கல்லடுக்குகளைப் பையன் எண்ணிக்கொண்டே போய் ஓடைக்கு முன்னால் எண்ணிக்கையை மறந்துவிட்டான். கணவாய் ஏறியபோது மணி பத்து ஐம்பது. அப்பாவுக்கு மூச்சும் வாங்கவில்லை, முழங்காலும் வலிக்கவில்லை. நால்வரும் புல்வெளியைப் பார்த்தபடி நின்றார்கள். "இருபது நிமிடம்தானே, போய்விடலாம்" என்றிருக்கிறார் இவர். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. பையன் பையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றான்.

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார். "பத்தரை என்று எழுதிக்கொண்டு வந்தாயா இல்லையா?" அவ்வளவுதான். முப்பத்து நாலு ஆண்டு பச்சைக்கொடி காட்டியவர். ஒரு பாறையில் உட்கார்ந்து ஆரஞ்சை உரித்துத் தோலைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டார். பையன் திரும்பி வரும் வழியில் முக்கால் மணி நேரம் யாருடனும் பேசவில்லை. மறுநாள் கேவ் ஸ்ப்ரிங் ஏணியில் தாத்தா அவனுக்கு முன்னால் ஏறியதும் சமாதானம் ஆகிவிட்டான்.

நானாக இருந்தால்? இருபது நிமிடம்தானே என்று போயிருப்பேன். அந்தப் பத்தரையை எழுதியவனும் நான்தான்.

அக்டோபர் 22, பிற்சேர்க்கை

புளியோதரை மீந்துவிட்டதாம். இரண்டு நாள் அதையே சாப்பிட்டிருக்கிறார்கள். நாலு பேருக்கு முக்கால் கிலோ அரிசி என்று எழுதியது தவறு. அரைக் கிலோ போதும்.